இணைப்பு யார் கையில்?

நம்மூர்க் கல்லூரிகளில் ‘பயிலரங்கு’ என்று பேனர் கட்டியிருந்தால், உள்ளே நடப்பது பெரும்பாலும் பயிற்சி வகுப்பு. ஒருவர் சொல்லித் தருவார், இருநூறு பேர் குறிப்பெடுப்பார்கள், மாலையில் சான்றிதழ் கொடுப்பார்கள். அதனால் பயனடைந்தவர்கள் ஏராளம். கணினி ஆய்வுலகில் அதே பெயரில் நடக்கும் கூட்டம் வேறு மாதிரி. ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டும் இருபது முப்பது பேர் கூடுவார்கள். பாதி வெந்த யோசனையைத்தான் ஆளுக்கொன்றாகக் கொண்டுவருவார்கள். அதை நடுவில் வைத்து ஆளாளுக்குத் தட்டிப் பார்ப்பார்கள். கொல்லன் பட்டறை என்கிறோமே, அந்தப் ‘பட்டறை’ என்ற சொல்தான் இதற்குச் சரியாகப் பொருந்துகிறது: இரும்பு ஆறுவதற்குள் அடிக்கும் இடம்.

அப்படிப்பட்ட பட்டறைகளில் அலசப்பட்ட பொருள்களில் ஒன்று மீயுரை. அந்தச் சொல் பேச்சில் அதிகம் புழங்குவதில்லை. ஆனால் ‘லிங்க் அனுப்பு’ என்று நாளுக்குப் பத்து முறை சொல்கிறோம். அந்த லிங்க்கால் கோக்கப்பட்ட எழுத்துதான் மீயுரை. ஒரு சொல்லைத் தொட்டால் வேறொரு பக்கம் திறக்கும். முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. இதை ஆராய்வதற்கென்று 1987-ல் கூடத் தொடங்கிய ஒரு குழு, ஏசிஎம் என்ற கணினி அறிஞர் சங்கத்தின் கீழ் இன்றும் கூடிவருகிறது. மாநாட்டின் பெயரே இப்போது ‘மீயுரையும் சமூக ஊடகமும்’ என்று நீண்டுவிட்டது.

பெயர் நீண்டது சிறிய செய்தி. அதற்குள் பெரிய மாற்றம் ஒன்று இருக்கிறது. தொடக்கத்தில் அங்கே வந்தவர்கள், தாங்கள் ஆராய்ந்த பொருளைத் தாங்களே கட்டியவர்கள். இப்போது வருகிறவர்களில் பெரும்பாலோர், ஏதோ ஒரு கம்பெனி கட்டிவைத்ததை வெளியே நின்று கவனிக்கிறவர்கள். இந்த இடமாற்றத்தால் துறைக்குக் கிடைத்தது நிறைய. ஆனால் அதைவிடப் பெரிய ஒன்று கைநழுவிப் போனது என்பது என் துணிபு. இணைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமைதான் அது. பயிலரங்குகளின் வழியே இந்தக் கதையைப் பார்த்தால் அது எங்கே, எப்போது நழுவியது என்று கிட்டத்தட்டக் கையை வைத்துச் சொல்லிவிடலாம்.

முன்கதை பலரும் அறிந்தது. 1945 ஜூலையில் வானவர் புஷ், அட்லாண்டிக் மன்த்லி இதழில் மெமெக்ஸ் என்ற கற்பனை மேசையை வருணித்தார். மைக்ரோஃபிலிமில் இருக்கும் ஆவணங்களை வாசகனே ஒன்றோடொன்று இணைத்துத் தனக்கென்று தடம் போட்டுக்கொள்ளலாம் என்றார். ‘ஹைப்பர்டெக்ஸ்ட்’ என்ற சொல்லை 1965-ல் டெட் நெல்சன் அச்சில் தந்தார். 1968 டிசம்பர் 9 அன்று சான்ஃபிரான்சிஸ்கோ மேடையில் டக்ளஸ் எங்கெல்பார்ட் மவுஸையும், திரையில் ஓடும் இணைப்புகளையும் செய்து காட்டினார். மூவரும் தனித்தனியே நின்றவர்கள். அவர்கள் விதைத்தது ஒரு துறையாக முளைத்துவர இன்னும் இருபது ஆண்டு பிடித்தது.

முளைத்த இடம் சேப்பல் ஹில். 1987 நவம்பரில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் நடந்த ‘ஹைப்பர்டெக்ஸ்ட் 87’ தன்னைப் பயிலரங்கு என்றுதான் அழைத்துக்கொண்டது. ஆப்பிள் நிறுவனம் ஹைப்பர்கார்டு மென்பொருளை வெளியிட்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஊரெங்கும் அதே பேச்சு. ஃபிராங்க் ஹலாஸ், ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் தன் குழு கட்டிய நோட்கார்ட்ஸ் அமைப்பில் எதெல்லாம் சரியாக அமையவில்லை என்று ஏழு தலைப்புகளில் எடுத்துவைத்தார். பல ஆண்டு உழைத்துக் கட்டியதன் குறைகளைச் சபை நடுவே வரிசைப்படுத்த மனத்திடம் வேண்டும். தேடும் வசதி போதவில்லை. பழைய பதிப்புகளைக் காப்பாற்ற முடியவில்லை. பலர் கூடி வேலை செய்வதற்கு இடமில்லை. இப்படிப் போகிறது பட்டியல். அடுத்த பத்தாண்டு ஆய்வு அந்த ஏழு தலைப்புகளைச் சுற்றியே நடந்தது என்றால் மிகையில்லை. அதே கூட்டத்தில் நாவலாசிரியர் மைக்கேல் ஜாய்ஸும், செவ்வியல் மொழிகள் படித்துவிட்டுக் கணினிக்கு வந்த ஜே டேவிட் போல்ட்டரும் புனைகதையில் மீயுரையைப் பற்றிப் பேசினார்கள். கணினிப் பொறியாளரும் கதைசொல்லியும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். இந்தச் சேர்க்கையை இத்துறை பிறகு எத்தனையோ முறை தொலைத்து, மறுபடி தேடி எடுத்திருக்கிறது.

மறு ஆண்டு நடந்த ஒரு சிறு கூட்டத்தை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1988 அக்டோபரில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், டெக்ஸ்டர் இன் என்ற விடுதியில், ஜேனட் வாக்கரும் ஜான் லெகெட்டும் ஒரு பயிலரங்கைக் கூட்டினார்கள். அன்றைக்கு இருந்த முக்கியமான மீயுரை அமைப்புகளைக் கட்டியவர்கள் வந்து சேர்ந்தார்கள். கேள்வி எளிமையானது: நாம் எல்லோரும் செய்வது ஒன்றேதானா? அப்படியானால் அதை எந்தப் பொதுச்சொற்களால் விவரிப்பது?

முதல் சொல்லிலேயே முட்டிக்கொண்டது. இணைப்பு எவற்றை இணைக்கிறதோ அவை ஒவ்வொன்றுக்கும் ‘கணு’ என்று பெயர். ஆனால் அது ஒருவர் அமைப்பில் சின்ன அட்டை, இன்னொருவர் அமைப்பில் முழுத்திரைச் சட்டகம், வேறொருவர் அமைப்பில் பல பக்க ஆவணம். ஒவ்வொருவரும் தம் கணுவையே கணு என்று சொல்லிக்கொண்டிருந்தால் பேச்சு நகராது. ஆகவே அந்தச் சொல்லையே ஒதுக்கிவைத்துவிட்டுக் ‘கூறு’ என்ற நடுநிலையான சொல்லை எடுத்துக்கொண்டார்கள். பிறகு அமைப்பை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். கூறுக்கு உள்ளே இருக்கும் எழுத்தும் படமும் ஒன்று; கூறுகளையும் இணைப்புகளையும் சேமித்துவைக்கும் நடு அடுக்கு ஒன்று; பயனர் கண்முன் ஓடும் மேலடுக்கு ஒன்று. உள்ளடக்கத்தில் இணைப்பு எந்த இடத்தில் பிடித்து நிற்கிறது என்பதற்கு ‘நங்கூரம்’ என்ற கருத்தை வகுத்தார்கள். அடுத்தடுத்த கூட்டங்களில் வளர்ந்த இந்த மாதிரியை ஹலாஸும் மேயர் ஸ்வார்ட்ஸும் எழுதிவைத்தார்கள். அதற்கு அந்த விடுதியின் பெயரே நிலைத்துவிட்டது: டெக்ஸ்டர் மாதிரி.

அந்த மாதிரியில் ஒரு கண்டிப்பு இருந்தது. தொங்கும் இணைப்பு கூடாது. ஒரு கூறு அழிக்கப்பட்டால் அதைத் தொட்டிருக்கும் இணைப்புகளும் கூடவே நீக்கப்பட வேண்டும். இணைப்பு என்பது இரு முனைக்கும் தெரிந்த உறவு. ஒரு முனை இல்லாமல் போனால் மறுமுனை அறிய வேண்டும். இன்று எதையோ சொடுக்கிப் ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்று 404-ஐப் பார்க்கும்போதெல்லாம், 1988-ல் ஒரு விடுதி அறையில் சிலர் இது நடக்கக் கூடாது என்று கவலைப்பட்டது எனக்கு நினைவுக்கு வரும்.

அந்தக் கவலையைத் தெரிந்தே ஒதுக்கிவைத்த மனிதர் 1991 டிசம்பரில் டெக்சாஸ் மாநிலம் சான் ஆன்டோனியோவுக்கு வந்தார். டிம் பெர்னர்ஸ்-லீயும் ராபர்ட் கைலியோவும் அந்த ஆண்டு ஹைப்பர்டெக்ஸ்ட் மாநாட்டுக்கு அனுப்பிய கட்டுரை ஏற்கப்படவில்லை. செய்முறைக் காட்சிக்கு மட்டும் இடம் தந்தார்கள். ஜெனீவாவிலிருந்து நெக்ஸ்ட் கணினியையும் ஒரு மோடத்தையும் தூக்கிக்கொண்டு வந்தால், விடுதியில் இணையத் தொடர்பே இல்லை. அறைக்குள் தொலைபேசிக் கம்பி இழுக்க மேலாளரிடம் அனுமதி வாங்கி, பக்கத்துப் பல்கலைக்கழகத்தைக் கேட்டு டயல் செய்ய ஏற்பாடு பண்ணி, தாங்கள் கட்டிய உலகளாவிய வலையை ஒருவழியாகக் காட்டினார்கள். மீயுரை ஆய்வாளர்கள் கூடும் இடத்தில் இணையம் தேவைப்படும் என்று அதற்கு முன் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. ஒவ்வொருவர் மீயுரையும் ஒரு கணினிக்குள்ளோ ஓர் ஆய்வுக்கூடத்துக்குள்ளோ நிறைவாக இயங்கிக்கொண்டிருந்தது.

கட்டுரையை மறுத்தவர்களைப் பின்னாளில் கேலி செய்வது எளிது. அது நியாயமில்லை என்பேன். அவர்கள் கண்ணால் பார்த்தால் வலை ஒரு பின்னடைவுதான். இணைப்பு ஒரு பக்கம் மட்டும் போகும். எதிர்முனைக்கு ஒன்றும் தெரியாது. பக்கம் இடம் மாறினால் இணைப்பு அறுந்து தொங்கும். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் வெண்டி ஹால் குழு அப்போது மைக்ரோகாசம் என்ற அமைப்பைக் கட்டிவந்தது. இந்தியாவின் கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டனின் ஆவணங்கள் அந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்திருந்தன. அவற்றில் காகிதம் உண்டு, புகைப்படம் உண்டு, ஒலிப்பதிவு உண்டு. மூல ஆவணத்தில் கைவைக்காமல் இவற்றை எப்படி இணைப்பது? இணைப்புகளை ஆவணத்துக்குள் புதைக்காமல் தனிக் கிடங்கில் வைத்தார்கள். ஒரே ஆவணத்துக்கு மாணவனுக்கு ஒரு தொகுதி இணைப்பு, வரலாற்றாசிரியருக்கு வேறொரு தொகுதி இணைப்பு என்று பூட்டலாம், கழற்றலாம். இத்தனை நுணுக்கமாக வேலை செய்தவர்களுக்கு வலையின் இணைப்பு கச்சாவாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

ஆனால் பெர்னர்ஸ்-லீ கணக்கு வேறு. இருமுனையும் அறிந்த இணைப்பு வேண்டுமென்றால், எல்லா இணைப்பையும் பதிந்துவைக்கும் ஒரு கிடங்கும், அதை நிர்வகிக்க ஒரு கையும் வேண்டும். உலகம் முழுவதற்கும் அப்படி ஒரு கிடங்கு எங்கே வைப்பது, யாரிடம் கொடுப்பது? எவரும் எவரிடமும் அனுமதி கேட்காமல் இணைப்புத் தரலாம் என்று விட்டுவிட்டால், சில இணைப்புகள் அறுந்தாலும் வலை வளரும். வளர்ந்தது. 1993 ஏப்ரல் 30 அன்று, ஜெனீவாவில் அவர் பணியாற்றிய செர்ன் ஆய்வு மையம் வலையின் மென்பொருளை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டது. அதே ஆண்டு இறுதியில் சியாட்டிலில் நடந்த ஹைப்பர்டெக்ஸ்ட் மாநாட்டுக் காட்சிகளில் வலையைத் தொடாதவை அரிதாகிவிட்டன. கைநழுவல் தொடங்கிய இடம் இதுதான் என்று நான் குறிப்பேன். அதுவரை இணைப்பின் இலக்கணத்தை எழுதியவர்கள், அதற்குப் பிறகு வேறொருவர் எழுதிய இலக்கணத்துக்கு உரை எழுதத் தொடங்கினார்கள்.

எதிர்த்து நிற்க ஒரு முயற்சி நடந்தது. 1994-ல் எடின்பரோவில் தொடங்கிய திறந்த மீயூடகப் பயிலரங்குகள், எந்த மென்பொருளும் எந்த மென்பொருளோடும் இணைப்புகளைப் பரிமாறிக்கொள்ள ஒரு பொது நெறிமுறையைத் தேடின. 1996-ல் அதற்கு வரைவுகூட வந்தது. வேலை நேர்மையான வேலை. ஆனால் வலை அதற்குள் ஊரையே விழுங்கிவிட்டிருந்தது.

இந்தக் கட்டத்தில் ஆய்வு திசை திரும்புகிறது. இணைப்பை எப்படிக் கட்டுவது என்பதை விட்டு, கட்டிக் கிடக்கும் கோடிக்கணக்கான இணைப்புகளைப் படித்தால் என்ன தெரியும் என்று கேட்டார்கள். விதை முன்பே இருந்தது. சான் ஆன்டோனியோவில் வலை காட்சிக்கு வந்த அதே மாநாட்டில், ரோட்ரிகோ பொட்டாஃபோகோவும் பென் ஷ்னைடர்மனும் ஒரு மீயுரையின் இணைப்பு அமைப்பைக் கணித முறையில் பார்த்தே அதன் உள்குழுக்களைக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டியிருந்தார்கள். 1998-ல் பிட்ஸ்பர்க் மாநாட்டில் டேவிட் கிப்சன், ஜான் கிளைன்பர்க், பிரபாகர் ராகவன் மூவரும் இணைப்புகளை வைத்தே வலைச் சமூகங்களை இனம் காணும் வழியைச் சொன்னார்கள். அதே ஆண்டுதான் கூகுளின் பேஜ்ரேங்க் கட்டுரையும் வந்தது. இணைப்பு ஓர் ஓட்டு ஆனது.

ஓட்டு கட்சியைக் காட்டிக்கொடுக்கும் அல்லவா? 2005 ஆகஸ்டில் சிகாகோவில், ஒரு பெரிய தரவு மாநாட்டை ஒட்டி நடந்த சிறு பயிலரங்கில், லாடா அடாமிக்கும் நடாலி கிளான்ஸும் ஒரு கட்டுரை வாசித்தார்கள். 2004 அமெரிக்க அதிபர் தேர்தல் காலத்து அரசியல் வலைப்பதிவுகளை எடுத்து, யார் யாருக்கு இணைப்புத் தருகிறார்கள் என்று பார்த்தார்கள். 759 தாராளவாதப் பதிவுகள், 735 பழமைவாதப் பதிவுகள். இணைப்புகளில் 91 சதவீதம் அவரவர் அணிக்குள்ளேயே சுற்றியது. நீலமும் சிவப்புமாக இரண்டு உருண்டைகள், நடுவில் மெலிதாகச் சில இழைகள் என்று அவர்கள் வரைந்த படம் இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. 2000-களின் நடுவில் தமிழ் வலைப்பதிவுகளை விடாமல் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பக்கவாட்டில் ‘நான் படிப்பவை’ என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் திடீரென்று காணாமல் போயிற்று என்று பார்த்தே உறவும் பகையும் தெரிந்துகொள்வோம். நாம் வாய்வழியே அறிந்திருந்ததை அவர்கள் எண்ணிக் காட்டினார்கள். எண்ணிக் காட்டுவதன் பலம் அதுதான். ஒரு பயிலரங்குக் கட்டுரை, பெரிய மாநாட்டுக் கட்டுரைகள் எத்தனையோவற்றைத் தாண்டி நின்றதற்குக் காரணம், அங்கே கேள்வி சின்னதாகவும் கூர்மையாகவும் இருந்தது.

2006-ல் டென்மார்க்கின் ஓடன்சேயில் கூடிய மாநாட்டில் கேமரன் மார்லோ, மோர் நாமன், டானா பாய்ட், மார்க் டேவிஸ் நால்வரும் தந்த கட்டுரையின் தலைப்பே ஒரு பட்டியல்: மாநாட்டின் பெயர், டேகிங், வகைப்பாடு, ஃபிளிக்கர், கல்விக் கட்டுரை, படிக்க வேண்டியது. அதாவது ஒரு வாசகர் அந்தக் கட்டுரையைச் சேமிக்கும்போது என்னென்ன குறிச்சொல் ஒட்டுவாரோ அவையே தலைப்பு. கடைசிச் சொல்லைக் கவனிக்க வேண்டும். ‘படிக்க வேண்டியது’ என்பது கட்டுரையைப் பற்றிய செய்தி இல்லை. ஒட்டியவரின் மனநிலையைப் பற்றிய செய்தி. மக்கள் ஒட்டும் சொற்களில் பொருளும் இருக்கிறது, ஒட்டுகிறவரும் இருக்கிறார். மீயுரை ஆய்வு சமூக ஊடக ஆய்வாக மாறிய திருப்பத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

பிறகு வந்தது ட்விட்டர் காலம். பின்தொடர்வது ஓர் இணைப்பு, மறுபகிர்வு ஓர் இணைப்பு, பெயர் சுட்டி அழைப்பது ஓர் இணைப்பு. எல்லாவற்றையும் நிரல் எழுதி அள்ளிக்கொள்ளக் கம்பெனியே கதவைத் திறந்துவைத்திருந்தது. 2010-களில் எந்தப் பயிலரங்குத் தொகுப்பைப் புரட்டினாலும் ட்விட்டர்தான். நிலநடுக்கம், தேர்தல், காய்ச்சல், பங்குச்சந்தை என்று எதையும் அதை வைத்தே அளந்தார்கள். 2014-ல் செய்னெப் துஃபெக்சி இதை உயிரியலின் பழ ஈயோடு ஒப்பிட்டார். ஆய்வுக்கூடத்தில் வளர்க்க எளிது என்பதால் ஈயைப் பிடித்துக்கொள்கிறோம். ஈயில் கண்டது எல்லா உயிருக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடுகிறோம். அதற்கு முந்தைய ஆண்டே ஃபிரெட் மார்ஸ்டாட்டர் குழு, இலவசமாகக் கிடைத்த மாதிரியை முழுத் தரவோடு ஒப்பிட்டு, மாதிரி பல இடங்களில் முழுமையைப் பிரதிபலிக்கவில்லை என்று காட்டியிருந்தது. கிணற்று வாளியில் வந்த நீரை வைத்து ஏரியின் ஆழத்தைச் சொன்ன கட்டுரைகள் எத்தனை என்று எண்ணினால் மனம் கனக்கிறது.

கவனிப்பவர் கையில் கதவின் சாவி இல்லை. இது தெரிந்த விஷயம்தான். ஆனால் பூட்டு விழும்வரை யாருக்கும் உறைக்கவில்லை. 2018-ல், பயனர்களின் தரவு அனுமதியின்றி எடுக்கப்பட்ட கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்துக்குப் பிறகு ஃபேஸ்புக் தரவுக் கதவு பெருமளவு சாத்தப்பட்டது. ட்விட்டர் 2021 ஜனவரியில் ஆய்வாளர்களுக்கென்று தனி வழி திறந்து மாதம் 1 கோடி ட்வீட் வரை எடுக்கலாம் என்றது. கைமாறிய பிறகு 2023-ல் இலவச வழிகளை மூடியது. ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் கிரவுட்டாங்கிள் என்ற தரவுக் கருவி 2024 ஆகஸ்ட் 14 அன்று நின்றது. முனைவர் பட்டத்தின் நடுவில் இருந்த ஒரு மாணவர் காலையில் எழுந்து பார்க்கும்போது தன் ஆய்வுப்பொருளே இல்லை என்றால் எப்படி இருக்கும்? வேதியியல் மாணவருக்கு இப்படி நேராது.

கம்பெனிக்கு உள்ளே இருப்பவர்களுக்கோ எந்தக் கதவும் இல்லை. 2012 ஜனவரியில் ஒரு வாரம், 6,89,003 பேரின் ஃபேஸ்புக் ஓடையில் மகிழ்ச்சியான பதிவுகளையோ சோகமான பதிவுகளையோ குறைத்துக் காட்டி, அவர்கள் எழுத்தில் அது எப்படி எதிரொலிக்கிறது என்று பார்த்தார்கள். 2014-ல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தபோதுதான் உலகுக்குத் தெரிந்தது. அந்த 6,89,003 பேரிடம் தனியே ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் ஒரு சோதனைக்கு உள்ளானேன் என்றுகூடத் தெரியாமல் அந்த வாரம் ஒருவர் அழுதிருக்கலாம்.

இதற்கிடையே, கட்டுகிறவர்கள் முற்றிலும் அற்றுப்போகவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். பெரிய மாநாட்டின் முதன்மை அரங்கை வலைப்பின்னல் பகுப்பாய்வு எடுத்துக்கொண்டபோது, அவர்கள் ஓரத்துப் பயிலரங்குகளுக்கு நகர்ந்தார்கள். 2011-ல் ஐன்ட்ஹோவனில் கதையாடலும் மீயுரையும் என்ற பயிலரங்கு தொடங்கியது. ஜாய்ஸும் போல்ட்டரும் 1987-ல் போட்ட பந்தி அங்கே மறுபடி விரிந்தது. 2018-ல் பால்டிமோரில் மீயுரையில் மனிதக் காரணிகளைப் பற்றிய பயிலரங்கு தொடங்கியது. கிளாஸ் அட்ஸன்பெக் போன்றவர்கள், மீயுரை என்பது ஒரு மென்பொருள் வகை மட்டுமாகாது, எந்த அறிவையும் அணுகும் ஒரு முறை என்று வாதிட்டார்கள். வெளியிலும் அசைவு இருந்தது. அதே 2018 ஜனவரியில் வலையின் தர அமைப்பான டபிள்யூ3சி, ஆக்டிவிட்டிபப் நெறிமுறையை ஏற்றது. மாஸ்டடான் போன்ற தளங்கள் அதன்மேல்தான் நிற்கின்றன. ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம். பின்தொடர்வது மறுமுனைக்கும் தெரியும். எவர் கையிலும் முழுச் சாவி இல்லை. எடின்பரோவில் தேடியது வேறு வேடத்தில் வந்துவிட்டதே என்று எனக்குத் தோன்றியது.

தமிழுக்கு வருவோம். நமக்கும் ஒரு டெக்ஸ்டர் விடுதி இருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில், ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு விசைப்பலகை என்று சிதறிக்கிடந்த நிலையை முடிக்க உட்கார்ந்தார்கள். டாம், டாப் என்ற குறியாக்கங்களும் தமிழ்99 விசைப்பலகையும் அதிலிருந்து வந்தன. குறியாக்கங்களை யூனிகோடு பின்னுக்குத் தள்ளிவிட்டது. விசைப்பலகை இன்றும் பலர் விரல் நுனியில் இருக்கிறது. கட்டுகிறவர்களின் கூட்டம் அது.

கவனிக்கிறவர்களின் கூட்டமும் பின்னால் வந்தது. அயர்லாந்தின் கால்வேயில் இருந்த பாரதிராஜா சக்ரவர்த்தியும் உடன் உழைத்தவர்களும், யூடியூபில் தமிழ்ப் பட முன்னோட்டங்களுக்குக் கீழே மக்கள் எழுதுவதைத் திரட்டி, 15,744 பதிவுகள் கொண்ட தொகுப்பை 2020-ல் குறைவளமொழிகளுக்கான ஒரு பயிலரங்கில் வெளியிட்டார்கள். அதே ஆண்டு ஃபயர் என்ற இந்திய ஆய்வு மன்றத்தில் அதை வைத்துப் போட்டி நடந்தது. 2021-ல் திராவிட மொழித் தொழில்நுட்பத்துக்கென்றே தனிப் பயிலரங்கு தொடங்கியது. தமிழும் ஆங்கிலமும் கலந்து, பெரும்பாலும் ஆங்கில எழுத்திலேயே தட்டப்படும் நம் அன்றாடத் தமிழை ஆய்வுப்பொருளாக மதித்து எடுத்ததற்கு அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று அருகில் போய்ப் பார்த்தால்தான் புரியும். ஒவ்வொரு பதிவையும் குறைந்தது மூன்று பேர் படித்து, ஆதரவு, எதிர்ப்பு, கலவை, சொல்ல முடியாதது, தமிழே இல்லை என்று ஐந்தில் ஒன்றைத் தேர வேண்டும். ‘படம் சுமார்தான், ஆனா தலைவருக்காக மூணு தடவ பாத்துட்டேன்’ என்று ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆதரவா, எதிர்ப்பா? கலவை என்று போட்டுவிட்டு நகரலாம். ஆனால் அந்த மூன்று தடவையில் இருக்கும் பாசம் எந்தக் கட்டத்தில் விழும்? ‘நல்லா இருப்படா நீ’ என்பதை மதுரைக்காரர் ஒருவிதமாகவும் சென்னைக்காரர் ஒருவிதமாகவும் குறிக்கக்கூடும். இங்கேதான் பயிலரங்கு என்ற வடிவம் பயன்பட வேண்டும்: குறித்த மூவரும் எங்கே பிரிந்தார்கள், ஏன் பிரிந்தார்கள் என்று உட்கார்ந்து பேச. நடைமுறையில் இத்தகைய கூட்டங்களின் நேரத்தையும் தாள்களையும் மதிப்பெண் பட்டியல் எடுத்துக்கொள்கிறது. எந்த அணியின் நிரல் இரண்டு புள்ளி கூடுதல் என்பதே செய்தியாகிவிடுகிறது. குறித்தவர்கள் அந்த அறையில் இருப்பதே அபூர்வம். டெக்ஸ்டர் விடுதியில் ‘கணு’ என்ற ஒரு சொல்லுக்குக் கொடுத்த பொறுமையை நாம் ‘ஆதரவு’ என்ற சொல்லுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

தரவு எங்கிருந்து வருகிறது, யார் சம்மதத்தில் வருகிறது என்ற கேள்வி எழும்போதெல்லாம் ஒரு கூட்டம் எனக்கு நினைவுக்கு வரும். 2009 ஜூன் 29 முதல் ஜூலை 1 வரை இத்தாலியின் டூரினில் நடந்த ஹைப்பர்டெக்ஸ்ட் மாநாடு அது. சோசியோபேட்டர்ன்ஸ் என்ற குழு, விருப்பம் தெரிவித்தவர்களுக்கு ரேடியோ சில்லு பொருத்திய கழுத்தட்டை கொடுத்தது. மிகக் குறைந்த சக்தியில் சில்லு சமிக்ஞை விடும். மனித உடம்பு அதைத் தடுத்துவிடும். ஆகவே இருவர் ஒன்று, ஒன்றரை மீட்டருக்குள் நேருக்கு நேர் நின்றால்தான் இரண்டு அட்டையும் ஒன்றையொன்று உணரும். முதுகைக் காட்டி நின்றால் கணக்கில் வராது. 20 விநாடிக்கு ஒருமுறை பதிவு. மற்றவர்களின் இணைப்புகளை ஆராய வந்தவர்கள், தங்களுக்குள் யார் யாரோடு பேசுகிறோம் என்பதையே தரவாகக் கொடுத்தார்கள். பெரும்பாலான சந்திப்புகள் அரை நிமிடம்கூட நீளவில்லை. மிகச் சில மட்டும் நெடுநேரம் தொடர்ந்தன.

அந்தக் கோப்பு இன்றும் பொதுவில் இருக்கிறது. ஒரு வரிக்கு மூன்று எண்கள்: நேரம், ஒருவர், இன்னொருவர். பெயர் கிடையாது. 113 பேர், சுமார் 20,000 வரிகள். தொற்றுநோய் ஒரு கூட்டத்தில் எப்படிப் பரவும் என்று கணக்குப் போட அதை எடுத்துக்கொள்கிறார்கள். கோடிக்கணக்கானோரின் தரவுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்ட பிறகும், கழுத்தில் அட்டையை மாட்டிக்கொள்கிறேன் என்று தாமே சொன்ன இந்த 113 பேரின் தரவு திறந்தே இருக்கிறது.